ஆம் பக்கத்துக் கூடம்

மணி அலறத் தொடங்கியபோது கேதாரகௌரி தேநீர் அறையில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். தோய்த்த பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்துவிட்டது, அதைக் கரண்டியால் எடுப்பதா அப்படியே விடுவதா என்று ஒரு கணம் யோசித்தாள், இன்னொரு நாட்டின் மேல் குண்டு போடலாமா என்று தீர்மானிக்கப் போகிறவர்கள் யோசிக்கவேண்டிய விஷயம்தான், விட்டுவிட்டு எழுந்தாள். அந்த மணி கட்டடத்தின் ஒவ்வொரு அறையிலும், படிக்கட்டிலும், தெருவுக்கு அப்பால் இருக்கிற மதுக்கடையிலும்கூட ஒரே நேரத்தில் அலறும். அதைக் கேட்டதும் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மாண்புமிகு உறுப்பினர்கள் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு ஓடி வருவார்கள், வயிறு பெருத்தவர்கள் மூச்சு வாங்க, மூட்டுவலிக்காரர்கள் கைத்தடியோடு. இங்கே கையைத் தூக்கி ஓட்டுப் போடுவதில்லை, பொத்தானையும் அமுக்குவதில்லை. இங்கே கால்தான் ஓட்டு. சபைக்கு இரண்டு பக்கமும் இரண்டு நீளக் கூடங்கள், ஒன்று ஆம், ஒன்று இல்லை. எந்தக் கூடத்துக்குள் நடந்து போகிறாயோ அதுதான் உன் மனம். மணி நின்றதும் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய பிறகு வெளியேற ஒரே வழி கூடத்தின் மறுமுனை, அங்கே எண்ணுகிறவர்கள் நின்று ஒவ்வொரு தலையையும் சத்தமாக எண்ணி வெளியே விடுவார்கள், பெயர் ஏறிவிடும், பிறகு சாகும்வரை அழியாது. அவள் இல்லை பக்கம் போகப்போகிறாள். அது முடிவான விஷயம். தொகுதி மக்களைச் சந்திக்கிற சனிக்கிழமையில் யூசுப் என்கிற பஸ் சாரதி வந்து கைப்பேசியில் ஒரு படம் காட்டினான், அந்த நாட்டின் விமானத்தளம், அதன் மதில், மதிலோடு ஒட்டிய ஒரு வீடு, வீட்டுவாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிற பருத்த ஒரு கிழவி. "எங்கள் வீட்டுச் சுவரும் விமானத்தளத்தின் சுவரும் ஒன்றுதான். அம்மா வீட்டை விட்டு அசையமாட்டேன் என்கிறாள். நீங்கள் அந்தத் தளத்துக்குக் குண்டு போட்டால் அது என் அம்மாவின் சமையலறையில்தான் விழும்" என்றான். அழவில்லை. கெஞ்சவுமில்லை. கௌரி அவன் கையைப் பிடித்து, "என் பெயர் அந்தப் பக்கம் இருக்காது. வாக்குத் தருகிறேன்" என்று சொன்னாள். அரசியல்வாதி வாக்குக் கொடுப்பது பெரிய அதிசயமில்லை. ஆனால் அவள் இவ்வளவு காலத்தில் ஒருவருக்கும் வாக்கே கொடுத்ததில்லை, முயற்சி செய்கிறேன் என்பாள், கவனத்தில் எடுக்கிறேன் என்பாள், யூசுப்புக்கு மட்டும்தான் வாய் தவறி வந்துவிட்டது. வந்ததும் நல்லதுதான், இனி யோசிக்க ஒன்றுமில்லை, இடது பக்கம் திரும்பவேண்டும், நடக்கவேண்டும், அவ்வளவுதான்.

படிக்கட்டில் ஹார்விக் வந்து ஒட்டிக்கொண்டார். ஹார்விக் அவள் கட்சியின் கொறடா, தன் ஆட்கள் கட்சி சொன்ன கூடத்துக்குள் போகிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. "கேத்தி" என்றார், இந்த நாட்டில் கேதாரகௌரியை யார் வாயில் நுழைக்கமுடியும், ஓட்டுச்சீட்டில்கூடக் கேத்திதான். "கேத்தி, நல்ல கூட்டம் இல்லையா இன்றைக்கு?" என்று சொல்லிக்கொண்டே அவளுடைய முழங்கையைத் தன் விரல்களால் தொட்டுக்கொண்டார், பிடிக்கவில்லை, தொட்டார், பிடித்தால் புகார் எழுதலாம். அந்த விரல்களில் ஒன்றைக் கடித்துத் துப்பவேண்டும் போல் அவளுக்கு இருந்தது. உண்மையாகவே இருந்தது, பல்லுக்கு இடையில் எலும்பு நொறுங்குகிற சத்தம்வரை கேட்டது, ஆனால் முகத்தில் அவளுடைய புகழ்பெற்ற புன்னகை அசையாமல் நின்றது. அந்தப் புன்னகைதான் அவளுடைய அரசியல். பெற்றோல் நிலையத்துக் கடையில் வேலை செய்த காலத்தில் ஒரு குடிகாரன் மேசைக்கு மேலால் கையை நீட்டித் தலைமயிரைப் பிடித்து இழுத்தபோது கற்றுக்கொண்டது. அவன் இழுக்க இழுக்க, பொலிஸ் வரும்வரை, அவள் சிரித்துக்கொண்டே "சேர், தயவுசெய்து, சேர்" என்றாள், உள்ளே அவன் கண்ணில் பேனையைக் குத்தித் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு நகரசபை. குப்பை, வாகனத் தரிப்பிடம், தெருவிளக்கு. முதல் தேர்தலில் தோற்றாள், தோற்கிற தொகுதி என்று தெரிந்துதான் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது தேர்தலுக்கு வீடு வீடாகப் போனபோது ஒருவன் கதவைத் திறந்து அவள் முகத்தில் காறித் துப்பினான், எச்சில் கன்னத்தில் இறங்கிக் கழுத்துக்குள் போனது, அவள் துடைத்துக்கொண்டு, "உங்கள் தெருவில் குப்பை ஒழுங்காக எடுக்கிறார்களா?" என்று கேட்டாள். கூட வந்தவன் அதைப் படம் பிடித்துவிட்டான். நாடே பார்த்தது. என்ன நிதானம், என்ன பொறுமை, இப்படி ஒருத்தியல்லவா வேண்டும் என்று பத்திரிகைகள் எழுதின, அள்ளிக்கொண்டு போய்ப் பாராளுமன்றத்தில் வைத்தார்கள். அந்த மனிதனின் பிடரியைப் பிடித்து அவன் வீட்டு நிலைக்கல்லிலேயே மோதி, பல் ஒவ்வொன்றாகப் படியில் உருண்டு விழுகிறவரை அவள் மோதியதை யாரும் படம் பிடிக்கவில்லை. அது எங்கே நடந்ததோ அங்கே கமரா போகாது.

"பிரதமர் உங்களைப் பற்றிக் கேட்டார்" என்றார் ஹார்விக். "அபிவிருத்தி அமைச்சில் ஒரு துணை அமைச்சர் இடம் காலியாகிறது. உங்கள் வாழ்க்கை அனுபவம் இருக்கிறதே, அது பெரிய விஷயம். நீங்கள் குண்டுக்குக் கீழே இருந்தவர். நீங்கள் ஆம் என்றால் அதற்கு ஒரு கனம் இருக்கிறது." குண்டுக்குக் கீழே இருந்தவர். குடைக்குக் கீழே இருந்தவர் என்பது மாதிரி எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார். படிக்கட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது, முன்னால் ஈரக் கோட்டு வாடை, பின்னால் யாரோ சாப்பிட்ட மீன் வாடை, மணி நிற்காமல் அலறுகிறது. அங்கே, அவள் பிறந்து வளர்ந்த ஊரில், மணியெல்லாம் கிடையாது. நாய்தான் மணி. மனிதக் காதுக்குக் கேட்பதற்கு முன்னாலேயே நாய்க்குக் கேட்டுவிடும், படுத்திருக்கிற நாய் எழுந்து வாலைக் காலுக்குள் சொருகிக்கொண்டு பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், இறங்கும், நாய் இறங்கினால் எல்லோரும் இறங்கவேண்டும். பரணிக்கு நாயை விடவும் காது. பரணி அவளுடைய தம்பி. வருகிற விமானம் எது, வேவு பார்க்கிறதா குண்டு போடுகிற பொம்மரா என்று வாயாலேயே அந்தச் சத்தத்தைச் செய்து காட்டுவான், உதட்டை மடித்து, கன்னத்தை உப்பி, எச்சில் தெறிக்க, அப்படியே அச்சு. அவன் செய்கிற சத்தத்துக்கே பக்கத்து வீட்டு மனுசி இரண்டு தடவை பங்கருக்குள் விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டாள், அதற்குத் தகப்பனிடம், ஐயாவிடம், அடியும் வாங்கினான். அன்றைக்கும் அவன்தான் முதலில் சொன்னான், "பொம்மரக்கா, பொம்மர்" என்று, எல்லோரையும் இறக்கிவிட்டுத் தானும் இறங்கினான், இறங்கியவன் காலைப் பார்த்தான். புதுச் செருப்பு. ஐயா சந்தையில் வாங்கிக் கொடுத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, துலைச்சியோ தோலை உரிப்பன் என்று சொல்லிக் கொடுத்த செருப்பு, அது கிணற்றடியில் கிடந்தது. "அக்கா, ஒரு ஓட்டம்" என்றான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். பிடித்தாள்தான், கையில் துணி இருந்தது, பிறகு இருக்கவில்லை.

முன்னால் போகிறவர்கள் ஏன் இப்படி ஆமை மாதிரிப் போகிறார்கள். அந்தச் சத்தத்தைப் பற்றி நினைக்கக்கூடாது, நினைத்தால் காது அடைத்துக்கொள்ளும், சபையில் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று முறை அடைத்துக்கொண்டது, எதிர்க்கட்சிக்காரன் என்ன கேட்டான் என்று தெரியாமல் புன்னகைத்துச் சமாளித்தாள். சத்தம்கூட இல்லை அது. நிலம் ஒரு தடவை தூக்கிப் போட்டது. பங்கரின் வாயை மண் மூடியது, மூச்சுக்குப் பதில் மண், பல்லுக்குள் மண், இருட்டுக்குள் நாய் அவளுடைய தொடையைக் கடித்தது, பயத்தில் கடித்தது, அவள் நாயின் கழுத்தை நெரித்தாள், அதுவும் பயத்தில்தான். ஐயா வெறுங்கையால் தோண்டி வெளியே இழுத்தார், ஐயாவின் நகங்கள் இரண்டு இல்லை. கிணற்றடியில் கிணறு இல்லை. பரணியின் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் எல்லோரும் சொல்லிச் சொல்லி அழுதது, முகத்துக்கு ஒன்றும் ஆகேல்லை, முகத்துக்கு ஒன்றும் ஆகேல்லை. இடுப்புக்குக் கீழே பார்க்காதே என்று யாரோ அவள் கண்ணைப் பொத்தினார்கள், அவள் விரல் இடுக்கால் பார்த்தாள். கண் திறந்திருந்தது, கண்ணுக்குள் மண் இருந்தது, மண்ணை எடுக்கவேண்டும், உறுத்துமே என்று பாவாடை நுனியை எச்சிலில் நனைத்துத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க அவன் இமைக்கவில்லை. அம்மா முற்றத்தின் நடுவில் நின்று மண்ணை அள்ளி அள்ளி வானத்துக்கு எறிந்தாள். எறிந்த மண் அவள் தலையிலேயே விழுந்தது. அம்மா வாயில் அன்றைக்கு வந்த தூஷணங்கள் ஊரில் எந்தக் குடிகாரனுக்கும் தெரியாதவை, அந்தப் பைலட்டின் தாயை, அவன் பெண்டிலை, பெண்டிலின் வயிற்றில் இருப்பதை, ஒன்றையும் விடவில்லை, பூசை அறையில் தேவாரம் சொல்கிற அதே வாய்.

கௌரி தூஷணம் சொல்லவில்லை. அவள் கும்பிட்டாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் பங்கருக்குள் முழங்காலை மடித்துக் குந்திக்கொண்டு கும்பிட்டாள். பிள்ளையாரப்பா, மாதாவே, ஆராயிருந்தாலும், பெரிய நாட்டுக்காரரின்ர பெரிய பிளேனை அனுப்பு. வெள்ளைக்காரனை அனுப்பு. அந்தப் பொம்மர் நிற்கிற இடத்துக்கு நெருப்பு வை. அவள் மனதுக்குள் முதலில் விமானத்தளம் எரிந்தது. பிறகு விமானம். பிறகு விமானி. அவனுக்கு அவள் ஒரு முகம் செய்து கொடுத்திருந்தாள், அடர்ந்த மீசை, சிவந்த கன்னம், வீட்டில் அவனுக்குச் சூப் சூடாக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிற மனைவி, அந்த வீட்டுக்குக் கூரை, கூரைக்கு மேலே குண்டு. மனைவி எரிந்தாள். பிள்ளைகள் எரிந்தார்கள், அவர்களுக்குச் செருப்புப் போட நேரம் கொடுக்காமல் எரித்தாள். எரித்து முடிந்தால்தான் நித்திரை வரும். லண்டனுக்கு வந்த பிறகும் அந்த நினைப்பு வந்தது, மாமா வீட்டு மாடி அறையில், பிறகு கலியாணக் கட்டிலில், புருசன் குறட்டை விட்டுக்கொண்டிருக்க அவள் நிதானமாக அந்த வீட்டுக்கு மேலே விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்துவாள், இந்த அறை, அந்த அறை, தொட்டில். எப்போது நின்றது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. நின்றுவிட்டதுதானே? நின்றுவிட்டது. சமாதானம் பற்றி எத்தனை மேடையில் பேசிவிட்டாள், எந்தக் குண்டும் நல்ல குண்டு இல்லை என்று அவள் சொன்னதை ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதிக்கூட வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்குக் காலையில் அம்மாதான் தொலைபேசியில் கூப்பிட்டாள். அம்மா இப்போது கௌரியின் அக்கா வீட்டில் இருக்கிறாள், முழங்கால் போய்விட்டது, முழு நாளும் தொலைக்காட்சி. "பிள்ளை, ரீவியில காட்டினவங்கள். உங்கட ஆக்கள் பிளேன் அனுப்பப் போகினமாம், உண்மையே?"

"இன்னும் முடிவாகேல்லை அம்மா. பின்னேரந்தான் வோட்டு."

"நீ எந்தப் பக்கம்?"

"எதிராத்தான் போடுவன்."

"ஏன்?"

"குண்டு எண்டா குண்டுதானே அம்மா, ஆற்ற தலையில விழுந்தாலும்."

"அது உனக்கு. எனக்கு அப்பிடி இல்லை." அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். "அந்த நாட்டுப் பிள்ளையளைக் காட்டினவங்கள். தங்கட அரசாங்கமே மேலால வந்து போடுறானாம். குழிக்குள்ள கிடந்து மேல பாக்குதுகள். எங்களுக்கு ஆரும் அனுப்பேல்லை, கௌரி. ஒருத்தனும் அனுப்பேல்லை. நீ பங்கருக்குள்ள கிடந்து கும்பிட்டது எனக்குக் கேக்கேல்லை எண்டு நினைச்சியோ?"

அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. எதுவரை கேட்டிருக்கும், தளம்வரையா, மீசைக்காரன்வரையா, தொட்டில்வரையா? "நான் பிறகு எடுக்கிறன் அம்மா" என்று வைத்துவிட்டாள், எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது. அம்மா, அந்த மதிலோடு ஒட்டி ஒரு கிழவி இருக்கிறாள் என்று சொல்லலாம். அந்தக் கிழவி கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறாள், கால் வீங்கியிருக்கிறது, உங்களை மாதிரித்தான். அதற்கு அம்மா என்ன சொல்வாள் என்று கௌரிக்குத் தெரியும், எழும்பிப் போகச் சொல்லு என்பாள். எழும்பிப் போகச் சொல்லு. செருப்பை விட்டுவிட்டு வரச் சொல்லு. குழிக்குள் கிடந்து மேலே பார்க்கிற பிள்ளைகள் ஒரு பக்கம், கதிரையில் கிழவி ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் அந்தத் தளம், வரிசையாக விமானங்கள், வெயிலில் பளபளக்கிற வயிறுகள், வயிற்றுக்குக் கீழே குண்டு மாட்டுகிற ஆட்கள் பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டு மாட்டுகிறார்கள், அதில் ஒருத்தனுக்கு மீசை, சிவந்த கன்னம், அட, இவன் எங்கே இங்கே வந்தான், மேலே ஒரு இரைச்சல், அவன் நிமிர்ந்து பார்க்கிறான், ஓடுகிறான், ஓடட்டும், நல்லாய் ஓடட்டும், இவனுக்கு எந்தக் குழியும் இல்லை...

மணி நின்றது. கதவு மூடியது, மரமும் பித்தளையும் சேர்ந்த ஒரு கனமான சத்தம், பிறகு பூட்டு. கௌரி நிமிர்ந்தாள். இரண்டு பக்கமும் புத்தக அலுமாரிகள், பச்சைத் தோல் இருக்கைகள், நெருக்கி நின்று பேசிக்கொண்டிருக்கிற தலைகள். தலைகளைப் பார்த்தாள். பிரதமரின் தலை. நிதியமைச்சரின் வழுக்கை. கொஞ்சம் தள்ளி ஹார்விக் வேறு யாரோடோ வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இது இல்லை பக்கம் அல்ல, ஆம் பக்கம். இப்படி நடப்பதுண்டு, பேச்சுச் சுவாரசியத்தில், தூக்கக் கலக்கத்தில் தவறான கூடத்துக்குள் போய் மூக்கு உடைபட்டவர்கள் இந்தச் சபையில் நிறையப் பேர். அதற்கு வழியும் உண்டு, இதில் எண்ணிக்கை கொடுத்துவிட்டு ஓடிப்போய் மற்றக் கூடத்திலும் நடந்தால் ஒன்றுக்கு ஒன்று கழிந்துபோகும். ஆனால் கதவு திறந்திருக்கவேண்டும். அந்தக் கதவும் இதே நேரத்தில்தான் பூட்டியிருக்கும். ஹார்விக்தான் தள்ளிக்கொண்டு வந்தான், பாவி, முழங்கையைப் பிடித்து ஆடு மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தான். இல்லை. அவர் படிக்கட்டு முடிவிலேயே கையை எடுத்துவிட்டார், "யோசியுங்கள்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார், அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, கை போன இடத்தில் முழங்கை இலேசானதுகூட ஞாபகம் இருந்தது. கூட்டம் தள்ளியது. கூட்டம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் தள்ளுவதற்கு யாருமில்லை, அங்கே தாராளமாக இடம் இருந்தது. அவளுடைய கால்தான் திரும்பியது. வலது பக்கம், மீசைக்காரன் ஓடுகிற பக்கம்.

வரிசை நகர்ந்தது. முன்னால் எண்ணுகிறவரின் குரல் கேட்டது, ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண், சலிப்பில்லாத குரல். அவளுக்கு முன்னால் சிலரே இருந்தபோது புத்தக அலுமாரிகளுக்கு நடுவில் ஒரு சிறிய கதவைக் கண்டாள். அது கழிப்பறை. பழைய உறுப்பினர்கள் தேநீர் அறையில் கதை கதையாகச் சொல்வார்கள், ஓட்டுப் போட மனமில்லாமல் கூடத்துக்குள் மாட்டிக்கொண்டவர்கள் இதற்குள் போய் ஒளிந்துகொள்வார்களாம், எண்ணிக்கை முடியாமல் சபை காத்துக்கொண்டிருக்குமாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கௌரியும் சிரித்திருக்கிறாள். இப்போது உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். மூடியின் மேல் உட்கார்ந்தாள், முழங்காலை மடித்துக் குந்தினாள், ஏன் குந்தினாள் என்று தெரியவில்லை, உடம்பு தானாகக் குந்தியது. சுவரில் ஒரு குழாய் முனகியது. வெளியே காலடிகள் குறைந்துகொண்டே போய் நின்றன. நின்ற பிறகு ஒரு விஷயம் அவளுக்கு மெதுவாக உறைத்தது. அவள் வெளியே வரும்வரை எண்ணிக்கை முடியாது. எண்ணிக்கை முடியாமல் தீர்மானம் இல்லை. தீர்மானம் இல்லாமல் விமானம் கிளம்பாது. எங்கோ ஓடுபாதையில் பையன்கள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், இவள் இந்தத் தாழ்ப்பாளைத் திறக்கவேண்டும். அன்றைக்குக் குழிக்குள் இருந்தபோது மேலே இருந்தவன்தான் தீர்மானித்தான். இன்றைக்குக் குழிக்குள் இருக்கிறவள் தீர்மானிக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. இருக்கலாம், விடிய விடிய இருக்கலாம், கிழவி சமையலை முடிக்கட்டும், கதிரையை உள்ளே எடுத்து வைக்கட்டும், மகன் சொல்லைக் கேட்டு எழும்பிப் போகட்டும்.

அப்படித்தான் நினைத்தாள். ஆனால் சிரிப்பு நின்றதும் கிழவி வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை, அந்தப் படத்தை அவள் நன்றாகத்தான் பார்த்தாள், கதிரை நீலமா வெள்ளையா, முக்காடு என்ன நிறம், ஒன்றும் வரவில்லை. தளம்தான் வந்தது. கூரை வந்தது, சூப் வந்தது. இவ்வளவு காலம் கழித்தும் அந்த வீடு ஒரு ஓடுகூட நகராமல் அப்படியே இருந்தது, தொட்டில்கூட அதே மூலையில். அது நின்றுபோகவில்லை. நித்திரைக்கு வேண்டாமல் போனதால் அவள் கூப்பிடவில்லை, அவ்வளவுதான், அது அங்கேயே காத்துக்கொண்டிருந்திருக்கிறது. குழிக்குள் கிடக்கிற அந்த நாட்டுப் பிள்ளைகளுக்காக அம்மா கேட்கிறாள் என்றால் அம்மாவுக்கு அந்த உரிமை இருக்கிறது, அம்மா வாய் திறந்து கேட்கிறாள், வானத்துக்கு மண் எறிந்தவள். இவள் யாருக்காகவும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகவும் இல்லை, பரணிக்காகக்கூட இல்லை என்று பட்டது. எரிய வேண்டும், அவ்வளவுதான். யாருடைய தளம், யாருடைய நாடு, யாருடைய கூரை என்பது பெரிய விஷயமில்லை, எரியவேண்டும், எரிவதை மேலே இருந்து பார்க்கவேண்டும், ஒரு முறையாவது மேலே இருந்து. கௌரிக்குத் தன்னைக் கண்டே குலை நடுங்கியது. இப்படிப்பட்ட ஒருத்தியைப் பிடித்து, நிதானமானவள் என்று, இந்தக் கட்டடத்துக்குள் விட்டிருக்கிறார்கள். வெளியே போனால் அவள் ஆம். அது தவறு இல்லை, கால் தடுமாற்றம் இல்லை, வாழ்க்கையில் அவள் சொன்ன ஒரே உண்மையான ஆம் அதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் போகக்கூடாது. அவள் தாழ்ப்பாளைக் கையால் பிடித்துக்கொண்டாள், யாரோ மறுபக்கத்தில் இருந்து இழுக்கிற மாதிரி, இவளுக்குள் இருந்த எவளோ இழுக்கிற மாதிரி.

கதவைத் தட்டினார்கள். விரலால் இல்லை, ஏதோ உலோகம். "மாண்புமிகு உறுப்பினரே" என்றது ஒரு குரல், மரியாதையான, கிழட்டுக் குரல், "சபாநாயகர் அனுப்பியிருக்கிறார். எண்ணிக்கை உங்களுக்காக நிற்கிறது." படைக்கலச் சேவிதர். இடுப்பில் வாளோடு கறுப்புக் காலுறை போட்டுக்கொண்டு சபை வாசலில் உட்கார்ந்திருக்கிற மனிதர், வாளை உருவி ஒருவரும் பார்த்ததில்லை. கௌரி மூச்சை அடக்கிக்கொண்டாள். "உடம்புக்கு ஏதும் முடியவில்லையா, அம்மணி? வைத்தியரைக் கூப்பிடவா?" தொடையில் நாய் கடித்த இடம் விண் விண்ணென்று தெறித்தது, தழும்புகூட மங்கிப்போன இடம். வாள்காரர் உள்ளே வந்தால் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அந்த வாளை அவர் இடுப்பிலிருந்து உருவுவாள், உருவி அவரைத்தான் முதலில், பாவம் அந்தக் கிழவரை, பிறகு ஹார்விக், பிறகு வழுக்கை, அந்தப் பச்சைத் தோல் இருக்கைகளெல்லாம். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். காலடிகள் போயின. ஒன்றும் கேட்கவில்லை. குழாய் முனகியது. பிடித்த பிடியில் விரல் மரத்துப்போனது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், என்று தன்னைத்தானே கெஞ்சினாள், பிறகு தூரத்தில், சுவருக்கு அப்பால், ஒரு பெரிய சத்தம் எழுந்தது, நிலம் தூக்கிப் போடுகிற மாதிரி, கௌரி தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். அது கைதட்டல்.

"கேத்தி." ஹார்விக்கின் குரல், கதவுக்கு மிகப் பக்கத்தில், தணிந்து, கிட்டத்தட்ட அன்பாக. "வெளியே வரலாம். முடிந்துவிட்டது. உங்களை விட்டுவிட்டு எண்ணிவிட்டார்கள். தீர்மானம் நிறைவேறிவிட்டது, நல்ல பெரும்பான்மை, நீங்கள் இல்லாமலே தாராளம்." அவள் அசையவில்லை. "உடம்புக்கு முடியவில்லை என்று நான் சொல்லிவிட்டேன். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நீங்கள் எதிராகப் போடவில்லை, அது போதும், பிரதமருக்கு அது போதும். அந்த இடம் உங்களுக்குத்தான்."

முதலில் தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், காத்திருந்தாள், வரவில்லை. அழுகை வரும் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. வயிற்றுக்குள் நெடுங்காலமாக இறுகிக் கிடந்த ஒன்று மெல்ல அவிழ்ந்தது, வெதுவெதுப்பாக உடம்பு முழுக்கப் பரவியது, என்ன இது என்று அவளுக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் எடுத்தது, சந்தோஷம். விமானம் கிளம்பப் போகிறது. தளம் எரியப் போகிறது. அவள் பெயர் ஒரு பக்கமும் இல்லை. யூசுப் வந்து கையைப் பிடித்துக்கொள்வான், நீங்கள் வாக்குத் தவறவில்லை என்பான், உண்மைதானே, தவறவில்லை. அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிட்டது, அவளுக்குக் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. இது கூடாது, இது என்ன பிறவி, கிழவியை நினை, கிழவியை நினை என்று தன்னை உலுப்பினாள். நினைவு வரவில்லை. சந்தோஷம்தான் நின்றது, வெட்கமில்லாமல், அசையாமல்.

தாழ்ப்பாள் சுலபமாகத் திறந்தது. ஹார்விக் ஒரு தம்ளர் தண்ணீரோடு நின்றார், கூடத்தில் வேறு யாருமில்லை, இரண்டு முனைக் கதவுகளும் திறந்திருந்தன. கௌரி தம்ளரை வாங்கி, சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். "நன்றி" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.